முனியாண்டி இறங்கிய இடம்

ஒரு மரத்துக்குள் இருப்பவரை எப்படிக் காரில் ஏற்றுவது என்பதை மோகனா அன்று காலையில்தான் முதல்முறையாகக் கிட்ட நின்று பார்த்தாள்.

செலண்டார் ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தின் எல்லையில் அந்தத் தூங்குமூஞ்சி மரம் நின்றது. அடியில் சிலை கிடையாது. ஒரு சூலம், அதில் கட்டிய மஞ்சள் துணி, முன்னால் நாலு செங்கல். முனியாண்டி அந்த மரத்தில் இருக்கிறார் என்பது தோட்டத்து ஜனங்களின் கணக்கு. மாலையில் இலைகள் மடங்கிக்கொண்டால் அவர் கண் அசருகிறார் என்று சொல்வார்கள். இப்போது தோட்டம் வீடு கட்டும் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. மரம் விழப்போகிறது. புக்கிட் பெருவாங்கில் ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் தங்கள் வேப்பமரத்தடியில் அவருக்கு இடம் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

மோகனாவுக்கு முனியாண்டியைவிட அம்மாவைப் பற்றித்தான் கவலை. அன்னம்மா ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறாள். போன மாதம் குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தாள். பக்கத்து வீட்டு ராஜம்மா பார்த்துத் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்த ராஜம்மாவும் பிள்ளைகளோடு ஜொகூருக்குப் போய்விட்டாள். லயத்தில் இப்போது விளக்கு எரிவது ஒரே வீட்டில். "எங்க வீட்டுக்கு வாம்மா" என்று மோகனா கூப்பிடாத நாள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது.

"அவரு போனா நான் போவேன். அவரத் தனியா உட்டுட்டு வரச் சொல்றியா?"

ஆகவே முதலில் அவர் போக வேண்டும்.

பூசாரி வடிவேலு மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் ஒரு பித்தளைக் குடத்தில் நீர் நிரப்பி, அதன் மேல் வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரிச் சுற்றினார். வாயில் மாவிலை, அதன்மேல் தேங்காய். பிறகு அதே நூலை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போய் மரத்தைச் சுற்றிக் கட்டினார்.

"நூல் எதுக்குண்ணே?" என்று மோகனா கேட்டாள்.

"கரண்டு போக ஒயர் வேணாமா? அது மாதிரிதான். மரத்துல இருந்து நூல் வழியா தண்ணிக்கு வருவாரு."

"வந்துட்டாருன்னு எப்படித் தெரியும்?"

"கொடம் கனக்கும்."

"எவ்வளவு கனக்கும்?"

அவள் தம்பி புவனேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆரம்பிச்சிட்டியாக்கா. தராசு கொண்டாந்திருக்கலாம்ல."

அவன் கிண்டலுக்குச் சொன்னாலும் அவள் உண்மையிலேயே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலையே அதுதான். தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியாகச் சொல்கின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது. பார்க்க முடியாத ஒன்றை இன்னொன்றின் வழியாகத் தெரிந்துகொள்ளும் எந்த வழியைக் கண்டாலும் அவளுக்குக் கை பரபரக்கும்.

மந்திரம் முடிந்து, வடிவேலு நூலை அறுத்துக் குடத்தைப் புவனேந்திரன் கையில் கொடுத்தார். "மடியில வைக்கலாம், தோள்ல வைக்கலாம், தலையில வைக்கலாம். மண்ணுல மட்டும் வைக்கக் கூடாது. வெச்சா எறங்கிருவாரு. எறங்குன எடந்தான் அவரு எடம். அப்புறம் யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாரு."

"மண்ணுன்னா கரண்டுக்கு எர்த் மாதிரி" என்றாள் மோகனா.

"அப்படித்தான் வெச்சிக்கயேன்."

அன்னம்மா மகனுக்கு நேரே வந்து நின்றாள். "ரெண்டு கையாலயும் புடி. எறக்கி வெச்சதும் போன் அடி. அப்புறந்தான் நான் பொட்டியத் தூக்குவேன்."

"ரெண்டு கையாலயுந்தாம்மா. உடவே மாட்டேன்."

மரத்துக்குக் கடைசிப் பூசையைச் செய்துவிட்டு அம்மாவை வேனில் கூட்டிவருவது வடிவேலுவின் பொறுப்பு. அக்காளும் தம்பியும் காரில் கிளம்பினார்கள். சூலம் பின்னால் கிடந்தது. குடம் புவனேந்திரன் மடியில் இருந்தது.

புக்கிட் பெருவாங் வந்துவிட்டது. மோகனாவின் வீட்டுக்குத் திரும்பும் முனையைக்கூடத் தாண்டியாயிற்று. அங்கே கார் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. டயரில் ஆணி. நல்லவேளையாக எதிரிலேயே ஒரு டயர் கடை. சீனக் கடைக்காரர் லிம், ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாகக் காய்கறி லாரி ஓட்டியவர், அதனால் அவருக்குத் தமிழ் வரும், பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்ட லயத்துத் தமிழ்.

"எல்லாம் எறங்கு லா. ஆள் உள்ள இருந்தா தூக்க முடியாது."

புவனேந்திரன் குடத்தோடு இறங்கி நின்றான். வெயில் சுள்ளென்று அடித்தது. நீர் நிறைந்த பித்தளைக் குடம், கீழே வைக்கக் கூடாது என்று தெரிந்த பிறகு, நிமிடத்துக்கு நிமிடம் கனம் ஏறும். மோகனா லிம்மோடு குனிந்து ஆணி ஏறிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அம்மா எடுக்கும்வரை விடமாட்டாள். எடுக்காவிட்டால் விபத்து என்றே முடிவுகட்டிவிடுவாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடை ஓரத்தில், ஒரு செம்பருத்திச் செடியின் நிழலில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சிவப்புக் கூண்டு வீடு இருந்தது. உள்ளே தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம், முன்னால் ஊதுவத்தி, ஒரு தட்டில் வெற்றிலை. அதன் வாசலில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் படி. சாமி இடம்தானே, தரை இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. குடத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"எங்கடா இருக்கீங்க?"

"டயர் பஞ்சர்மா. கடையில இருக்கோம்."

"சாமி?"

"இருக்காரும்மா. பத்திரமா இருக்காரு."

அம்மா நிதானமாகக் கேட்டாள். "புவனு, கொடத்த ரெண்டு கையாலயும் புடிப்பேன்னு சொன்ன. இப்ப போன எந்தக் கையில புடிச்சிருக்க?"

புவனேந்திரன் படியிலிருந்த குடத்தைத் திரும்பிப் பார்த்தான். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "எடம் சொல்லு. வடிவேலு கூட வரேன். யாரும் அதத் தொடாதீங்க."

அம்மா வந்து சேரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. தம்பி டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். முனியாண்டி வழியில் தொலைந்துபோனார் என்றால் அம்மா மறுபடி லயத்துக்கே போய் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அந்தச் சிவப்பு வீட்டைப் பார்க்கப் பார்க்க மோகனாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தவுக்கே" என்று கடை முதலாளியைக் கூப்பிட்டாள். "உள்ள இருக்கிறது யாரு?"

"டத்தோ" என்றார் லிம், டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடி. "இந்த நெலத்து ஆளு. மலாய்க்காரர். நான் கட வெக்கிறதுக்கு முன்னால இங்க இருக்காரு. நான்தான் இப்ப வந்தவன். வந்தவன் கேட்டுட்டு உக்காரணும் இல்லியா?"

"நீங்க சீனர், அவரு மலாய்க்காரரா?"

"ஆமா லா. அதான் பன்னி எறச்சி வெக்க மாட்டோம். பீர் வெக்க மாட்டோம். காப்பி, வெத்தல, இலை சுருட்டு. வியாழக்கெழம சாயந்தரம் கெமெஞ்ஞான் போடணும்."

கெமெஞ்ஞான் என்பது சாம்பிராணிதான். வெற்றிலை, சுருட்டு, சாம்பிராணி. மோகனா மனதுக்குள் முனியாண்டியின் படையலை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாராயத்தையும் சேவலையும் எடுத்துவிட்டால் பாக்கி எல்லாம் அப்படியே பொருந்தியது.

"எல்லா டத்தோவும் மலாய்க்காரர்தானா?"

"இல்ல. சில எடத்துல சயாம் ஆளு. சில எடத்துல ஓராங் அஸ்லி, காட்டுப் பூர்வகுடி ஆளு. இந்தியன் டத்தோகூட உண்டு. அந்த நெலத்துல யார் இருக்காரோ அவர்தான்."

அவளோடு வேலை செய்யும், ஓராங் அஸ்லியில் தெமுவான் இனத்துப் பெண் ஒருத்தி சொன்னது மோகனாவின் நினைவுக்கு வந்தது. காட்டில் பெரிய மரத்தைத் தாண்டும்போது, போகிறேன் என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவாளாம். முன்பே இருக்கிறவர் ஒருவர், பின்னால் வந்தவர் ஒருவர், நடுவில் ஒரு மரியாதை. ஆளுக்கு ஒரு பாஷையில் இதையேதான் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஜைனுதீன் பாய் இரண்டு தேத்தண்ணியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்லம்மா. நாங்க இத வணங்குறதும் இல்ல."

"உயிர்னா என்னன்னு உங்கள்ல எப்படிப் பாய் சொல்வாங்க?"

"ரூஹு. அது அல்லா ஊதுனது. அதப் பத்தி மனுசனுக்குக் குடுத்த அறிவு கொஞ்சந்தான்னு சொல்லுவாங்க. அதனால நான் ரொம்ப நோண்டுறதில்ல." அவர் புவனேந்திரனைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா தம்பி, நீ உங்க ஆள ஒரு சொட்டுகூட ஊத்தாத வீட்டு வாசல்ல எறக்கிட்டியே. அவரு பாடு திண்டாட்டந்தான்."

"பாய், வேணாம் பாய்" என்றான் அவன், மூடிய கைகளுக்குள்ளிருந்து.

மஞ்சள் வேன் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையிலிருந்து அன்னம்மா இறங்கினாள். யாரோடும் பேசாமல் நேரே குடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"டைல்ஸ் மேலதாம்மா வெச்சிருக்கான். மண்ணு படல" என்றாள் மோகனா.

"டைல்ஸுக்குக் கீழ என்ன?"

"சிமிட்டி."

"சிமிட்டிக்குக் கீழ?"

மோகனா குனிந்து படியின் அடியைப் பார்த்தாள்.

வடிவேலு குடத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கும் துணிந்து சொல்ல முடியவில்லை. கருங்கல்லில் வைத்தால் இறங்குவார் என்று கேட்டிருக்கிறார். மரப்பலகையில் வைத்தால் இறங்கமாட்டார். டைல்ஸ் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "பூப்போட்டுக் கேட்டுருவம்" என்றார் கடைசியில்.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்ற வேண்டும். வெள்ளை வந்தால் அவர் இன்னும் குடத்தில்தான் இருக்கிறார். சிவப்பு வந்தால் இறங்கிவிட்டார். கேள்வி என்னவென்று தெரியாத ஒருவர் வந்து ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும்.

"தெரியாதவங்கதான் எடுக்கணுமா?" மோகனாவின் கண்கள் விரிந்தன. தொழிற்சாலையில் அவர்களும் அப்படித்தான் செய்வார்கள். எது எந்தக் கருவி என்று தெரியாத ஒருவரைக் கொண்டுதான் மறுபடி அளக்கச் சொல்வார்கள். தெரிந்தவன் கை தன்னை அறியாமல் சாயும்.

"எத்தன தடவ கேக்கணும்?"

"ஒரே தடவதான். ரெண்டாந்தடவ கேட்டா நம்பலேன்னு அர்த்தம்."

"நாங்க மறுபடி கேப்போம் லா" என்றார் லிம். டத்தோவின் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு சிவப்பு மரத்துண்டுகளை எடுத்துக் காட்டினார். பாதி நிலா மாதிரி வளைந்தவை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. கீழே போட்டால் மேல்பக்கம் ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழ வேண்டும், அப்படியென்றால் டத்தோவுக்குச் சம்மதம். இரண்டும் மேடு என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் டத்தோ சிரிக்கிறார்.

"சிரிக்கிறாரா?"

"ஆமா. கேள்வி சரியில்ல, நல்லாக் கேளுன்னு அர்த்தம்."

சிரிப்பை ஒரு விடையாகக் காட்டும் கருவியை மோகனா இதுவரை பார்த்ததில்லை. அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மோகனா, நீ மடி" என்றார் வடிவேலு.

பூசைக் கூடையிலிருந்து வெற்றிலையையும் மல்லிகையையும் எடுத்துக்கொண்டாள். டத்தோவின் செடியிலிருந்து லிம் அனுமதியோடு ஒரு செம்பருத்தியைப் பறித்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கார் பானெட்டின்மேல் வைத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கூடையில் மல்லிகை நிறைய இருக்கிறது. இரண்டு பொட்டலத்திலும் மல்லிகையை வைத்தால் யாருக்குத் தெரியும்? எதை எடுத்தாலும் வெள்ளை. முனியாண்டி வேப்பமரத்தடிக்குப் போவார், அம்மா அவள் வீட்டுக்கு வருவாள், தம்பி தலை நிமிர்வான். யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. அவள் விரல்கள் இரண்டாவது மல்லிகையை எடுக்கவும் செய்தன.

எடுத்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா இங்கே வர வேண்டும், அது நிச்சயம். ஆனால் இப்படிச் செய்துவிட்டால், முனியாண்டி எங்கே இருக்கிறார் என்பது இனி யாருக்குமே தெரியாமல் போய்விடும். அவளுக்கும்கூட. டைல்ஸ் வழியாக இறங்க முடியுமா, முடியாதா? பொய் சொல்ல வைத்துவிட்ட தராசை அதற்கப்புறம் எதற்கு வைத்துக்கொள்வது? தனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று அந்த நிமிடத்தில் யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். மல்லிகையைக் கூடையில் போட்டுவிட்டுச் செம்பருத்தியை எடுத்து மடித்தாள். இரண்டு பொட்டலங்களையும் எது எதுவென்று தனக்கே தெரியாதபடி சேலை முந்தானைக்குள் போட்டுக் குலுக்கினாள்.

கடைக்குள் டயர் எண்ணிக்கொண்டிருந்த லிம்மின் மனைவியைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஏதோ பரிசு என்று நினைத்தாள் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். வடிவேலு நூலைப் பிரித்தார்.

சிவப்பு.

"ஐயோ" என்றான் புவனேந்திரன். "அம்மா, நான் வேணும்னு செய்யலம்மா."

அன்னம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. லிம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்து சிவப்பு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு கோப்பையில் காப்பி இருந்தது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தன் கையால் மடித்த செம்பருத்தி இது என்று மோகனா நினைத்தாள். இனி அம்மாவிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"வாம்மா" என்றாள் இருந்தாலும். "சாமி இல்லாட்டியும் நான் இருக்கேன்ல."

"இரு" என்றாள் அம்மா. பிறகு பூசாரியிடம் திரும்பினாள். "வடிவேலு, மரத்துல இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. காலையிலயே எடுத்தாச்சு. சும்மா மரந்தான்."

"நெசமாவா?"

"நூல் அறுத்தாச்சே."

"அப்ப ஆளில்லாத மரத்துக்கு நான் அங்க என்னத்துக்குக் காவலு?" கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "உன் வீடு இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"அந்த முனை திரும்புனா வீடு. நடந்தே வரலாம்."

"வேப்பமரத்துக்கு?"

"அதுக்குக் காரு வேணும்."

"என்னை யாரு தெனம் காருல கூட்டிட்டுப் போவா? நீ வேலைக்குப் போயிருவ." அன்னம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "தெரிஞ்சுதான் எறங்கியிருக்காரு மனுசன். எனக்கு நடக்கிற தூரத்துல பாத்து எறங்கியிருக்காரு. இவனும் உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்கான்."

புவனேந்திரன் கைகளை முகத்திலிருந்து எடுத்தான். அம்மா திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஆனால் வீடு டத்தோவினுடையது. அவரைக் கேட்க வேண்டும். லிம் மூன்று ஊதுவத்தி கொளுத்தி, மலாயில் மெதுவாகப் பேசினார். ஒரு இந்தியப் பெரியவர் வந்திருக்கிறார், பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்பது மோகனாவுக்குப் புரிந்தது. துண்டுகளைப் போட்டார். இரண்டும் தட்டையாக விழுந்தன.

"சிரிக்கிறார்" என்றார் லிம்.

"சாராயத்த நெனச்சுச் சிரிக்கிறாரோ என்னவோ" என்றார் ஜைனுதீன் பாய், தள்ளி நின்றபடியே.

அன்னம்மா முன்னால் வந்தாள். தோட்டத்தில் பேசிப் பழகிய மலாயில் நேரே அந்தத் தொப்பி போட்ட உருவத்திடமே சொன்னாள். இந்த வாசலில் சாராயம் ஊத்தமாட்டோம், சேவல் அறுக்கமாட்டோம், சுருட்டும் காப்பியும் மட்டும்தான், அதுவும் நானே கொண்டுவருவேன், உங்களுக்கும் சேர்த்து. "போலே, டத்தோ?" சம்மதமா என்று கேட்டாள்.

லிம் மறுபடி போட்டார். ஒன்று தட்டை, ஒன்று மேடு.

இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடத் தெளிவாக இருந்தது என்பதை மோகனா கவனித்தாள். அதைப் பற்றி லிம்மிடம் இன்னொரு நாள் நிதானமாகக் கேட்க வேண்டும். சூலத்தைச் செடிக்குப் பின்னால் நட்டார்கள். குடத்து நீரை வடிவேலு அதன் அடியில் ஊற்றினார். பிறகு, வேப்பமரத்தடியில் காத்திருக்கும் கோயில்காரர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

டயர் போட்டாயிற்று. புவனேந்திரன் வேனில் செலண்டார் போய்ப் பெட்டிகளை எடுத்து வருவதாகச் சொன்னான். அன்னம்மா காரில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் தலையை வெளியே நீட்டி, சிவப்பு வீட்டைப் பார்த்து, "போய்ட்டுச் சாயந்தரம் வரேன்" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு மோகனா கேட்டாள். "யார்கிட்டம்மா சொன்ன? முனியாண்டிகிட்டயா, டத்தோகிட்டயா?"

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டு வருவியா நீ?" என்றாள் அம்மா. "ரோட்டப் பாத்து ஓட்டு."